பால்கனிக் கண்ணாடியில் மோதி விழுந்த பறவை: உடனே என்ன செய்வது?

மூன்றாம்மாடி (காலை 6:48)

வணக்கம். இடம் மேடவாக்கம், சென்னை. காலை ஆறேகால் மணி இருக்கும், பால்கனிக் கதவில் தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஒரு பறவை கீழே கிடக்கிறது. இதுவரை நான் பார்த்ததே இல்லாத பறவை. மைனாவைவிடச் சின்னது. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், நெஞ்சு சந்தன நிறம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. வால் இல்லை என்றே சொல்லலாம். மோதியதில் பிய்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

கண் பாதி மூடியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. இரண்டு காகங்கள் கிரில் மேல் வந்து உட்கார்ந்துவிட்டதால் துண்டைப் போட்டு எடுத்து வந்து ஹாலில் வைத்திருக்கிறோம். அம்மா ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டு மாமா, "இது வெளிநாட்டுப் பறவை, யார் வீட்டிலிருந்தோ தப்பித்து வந்திருக்கும், கூண்டு வாங்கிப் போட்டு வளர்த்துக்கொள்" என்கிறார். மகள் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை (காலை 6:55)

பாவம், மயக்கத்தில் இருக்கும். பாலில் பிரெட்டை நனைத்து வாயில் வையுங்கள். காயம் இருந்தால் மஞ்சள் தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவலாம். வலிக்குக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மருந்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். எங்கள் வீட்டில் அணில் குஞ்சையெல்லாம் அப்படித்தான் காப்பாற்றினோம்.

வேப்பமரத்தடி (காலை 7:01)

தம்பி, தண்ணீர் கொடுக்க வேண்டாம். ஸ்பூனிலும் வேண்டாம், பஞ்சில் நனைத்தும் வேண்டாம். பால், பிரெட், மருந்து எதுவும் இப்போது வேண்டாம்.

ஒரு அட்டைப்பெட்டி எடுங்கள். ஷூ வாங்கிய பெட்டி இருந்தாலும் போதும். பறவையை வைப்பதற்கு முன்பே பக்கவாட்டில் பென்சில் நுழையும் அளவுக்கு ஏழெட்டு ஓட்டை போட்டுவிடுங்கள். அடியில் பழைய வேட்டித் துணியை மடித்து விரியுங்கள். குளிக்கும் டவல் வேண்டாம், அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக்கொள்ளும். பறவையைத் துணியோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி உள்ளே வையுங்கள். நெஞ்சை மட்டும் அழுத்தாதீர்கள். மூடுங்கள். ஃபேன் ஓடாத, டிவி சத்தம் கேட்காத அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஏ.சி.யும் வேண்டாம். ஒரு மணி நேரம் யாரும் திறந்து பார்க்கக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது.

பாப்பாவிடம் சொல்லுங்கள்: நாம் பக்கத்தில் இருப்பது அதற்கு ஆறுதல் இல்லை, பயம். இருட்டில் தனியாக இருந்தால்தான் அதன் நெஞ்சுப் படபடப்பு அடங்கும். அவள் பள்ளிக்குப் போய்விட்டு வந்து கேட்கட்டும்.

மூன்று விஷயம் மட்டும் உடனே தெரிய வேண்டும். பூனை வாயில் பட்டதா? அலகில் ரத்தம் இருக்கிறதா? ஒரு பக்கச் சிறகு மட்டும் தொங்குகிறதா? மற்றதைக் கடையைத் திறந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

மூன்றாம்மாடி (காலை 7:19)

பெட்டியில் வைத்துப் படுக்கையறையில் மூடியாகிவிட்டது அக்கா. பூனை இல்லை. ரத்தம் இல்லை. இரண்டு சிறகும் ஒரே மாதிரி மடிந்துதான் இருக்கின்றன. இடது கண் கொஞ்சம் வீங்கியிருப்பது போலத் தெரிந்தது. மகள் பாதி மனதோடு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

வேப்பமரத்தடி (காலை 9:35)

நல்லது தம்பி. இப்போது நிதானமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆதம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை மேசைக்கு அடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகள் எப்போதும் இருக்கும். அடிபட்ட பறவை, அணில் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் போய் எடுத்து, பார்க்க வேண்டியவர்களிடம் கொண்டு சேர்ப்பது பல வருடப் பழக்கம். அதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வெளிநாட்டுப் பறவை இல்லை, யாரும் வளர்த்ததும் இல்லை, சுத்தமான நம் நாட்டுப் பறவை. இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். பயணம் முழுக்க இரவில்தான். அக்டோபர், நவம்பரில் சென்னையில் யாராவது "கலர் கலராக ஒரு பறவை வீட்டுக்குள் வந்துவிட்டது" என்று கூப்பிட்டால், பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிடும், இதுவாகத்தான் இருக்கும் என்று. ராத்திரி முழுக்கப் பறந்து களைத்து, விடியும் நேரத்தில் இறங்க இடம் தேடும். கீழே மாடி வீடுகளும் விளக்கும் கண்ணாடியும்தான். கண்ணாடியில் எதிர்ப்பக்கத்து மரம் தெரியும், அதை மரம் என்றே நம்பி நேராக வரும்.

வால் பிய்ந்து போகவில்லை, கவலை வேண்டாம். அதற்கு வாலே அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: எழுந்ததும் தத்தித் தத்திப் போனால் சிறகு உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நிலத்தில் தத்தி நடந்து, உதிர்ந்த சருகைப் புரட்டி, புழு பூச்சி தின்பதுதான் அதன் பிழைப்பு. நீளமான கால் அதற்காகத்தான். இது தெரியாமல் நல்லா இருக்கிற பறவையைத் துரத்திப் பிடித்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

தண்ணீர் ஏன் வேண்டாம் என்கிறேன்? பறவையின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் ஒரு சின்னப் பிளவு போலத் தெரியும். தெளிவாக இருக்கிற பறவை தானே குடிக்கும்போது அதை மூடிக்கொள்ளும். மயக்கத்தில் இருக்கும் பறவையின் வாயில் நாம் ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். மோதிய அடியில் பிழைத்திருக்க வேண்டியது, அந்த ஒரு ஸ்பூன் தண்ணீரில் போய்விடும். என் கைக்கு வந்து சேரும் பறவைகளில் நெஞ்சில் கறகறவென்று சத்தம் கேட்டால், முதலில் நான் கேட்பது "தண்ணீர் கொடுத்தீர்களா?" என்றுதான். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். அன்போடு செய்ததுதான், அவர்களைத் திட்ட மனசு வராது. அதனால்தான் முன்கூட்டியே இப்படிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நெஞ்சை அழுத்தாதீர்கள் என்றதற்கும் காரணம் உண்டு. நமக்கு இருப்பது போல மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பயந்து போய் நாம் இறுக்கிப் பிடித்தால், சத்தமே இல்லாமல் மூச்சு நின்றுவிடும்.

நெல்லைச்சீமை அண்ணாச்சிக்கு: மஞ்சளும் எண்ணெயும் நம் தோலுக்குச் சரி. இறகில் எண்ணெய் பட்டால் அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பறக்கவும் முடியாது, மழையில் நனையாமல் இருக்கவும் முடியாது. வலி மருந்தை மட்டும் யாரும் தொடவே வேண்டாம். இந்தப் பறவை மொத்தமே 50, 60 கிராம்தான், அதற்கு எது ஒரு சொட்டு? நம் நாட்டில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததே டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தால்தானே. மாட்டுக்குப் போட்ட மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. மருந்து விஷயத்தை மருத்துவரிடம் விட்டுவிடுவோம்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டிக்குள் கீறும் சத்தம், துள்ளும் சத்தம் கேட்கிறதா என்று கதவுக்கு வெளியே நின்றே கவனியுங்கள். கேட்டால் பெட்டியை அப்படியே கீழே கொண்டுபோங்கள். வீட்டுக்குள் திறக்கக் கூடாது, மறுபடி ஏதாவது கண்ணாடியில் போய் மோதும். உங்கள் குடியிருப்பில் செடி அடர்ந்த மூலை இருக்கும் இல்லையா, காகம் இல்லாத நேரம் பார்த்து அங்கே பெட்டியைத் தரையில் வைத்து ஒரு பக்கமாகச் சாய்த்துத் திறந்து, பத்தடி பின்னால் நில்லுங்கள். தானாக வெளியே வரட்டும். மேலே தூக்கி வீச வேண்டாம்.

பன்னிரண்டு மணி வரை அசைவே இல்லையென்றாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ மருத்துவமனைதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பறவைகளையும் பார்க்கிறார்கள்.

மூன்றாம்மாடி (பகல் 12:40)

அக்கா, பத்தரை மணிக்கு நன்றாகக் கீறும் சத்தம் கேட்டது. நீங்கள் சொன்னபடியே பின்பக்கம் செம்பருத்திப் புதர் ஓரம் வைத்துத் திறந்தேன். வெளியே வந்தது. நான்கைந்து தத்து தத்தியது. பறக்கப் பார்த்தபோது இடது பக்கமாகவே சாய்ந்து விழுந்துவிட்டது. இரண்டு முறை அப்படி ஆனதும் காவலாளி அண்ணன் உதவியோடு மறுபடி பெட்டியில் வைத்துவிட்டேன். இடது கண்ணை இன்னும் சரியாகத் திறக்கவில்லை. மற்றபடி முன்பைவிடத் தெம்பாகத்தான் இருக்கிறது.

வேப்பேரி இங்கிருந்து தூரம். இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா? மகளும் ரொம்ப ஆசைப்படுகிறாள். புழு வேண்டுமானால் தோண்டிக் கொண்டுவருகிறேன்.

வேப்பமரத்தடி (பகல் 12:58)

கொண்டு போய்விடுங்கள் தம்பி. மண்டையில் அடிபட்ட வீக்கம் அது. அதைக் குறைக்கும் மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். கண்ணில் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பார்கள், அதை நாம் வீட்டில் செய்ய முடியாது. புழு பூச்சி தின்னும் பறவை சாப்பிடாமல் அதிக நேரம் தாங்காது. புதுச் சூழலில், பெட்டிக்குள், நீங்கள் தோண்டிப் போடும் புழுவை அது தானாகத் தின்னும் என்று நம்ப முடியாது. வாயைத் திறந்து ஊட்டுவதற்குப் பழகிய கை வேண்டும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவை, விலங்கு எதுவும் அரசின் சொத்து. நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும். உங்களை பயமுறுத்தச் சொல்லவில்லை. காப்பாற்றி எடுத்து வந்தவர்களை யாரும் பிடித்து வைத்ததாக நான் பார்த்ததில்லை. ஆனால் "நன்றாகப் பழகிவிட்டது, இனி எப்படி விடுவது" என்று வாரக்கணக்கில் வைத்திருந்தால் பேச்சு வேறு. கூண்டில் இருக்கும் பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான், அதையும் மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

பெட்டியை மூடியே கொண்டுபோங்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொள்ளலாம். பைக்கின் முன்னால் தொங்கவிடாதீர்கள். காரில் போனால் பாட்டுப் போட வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்குக் கிடைத்தது, எப்படி விழுந்தது, திறந்துவிட்டபோது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டுங்கள். வாங்கிக்கொள்பவர்களுக்கு அது பெரிய உதவி. குணமானதும் விடுவதற்கும் அந்த இடம் தெரிய வேண்டும்.

நெல்லைச்சீமை (பகல் 1:15)

தங்கச்சி, நீங்கள் சொல்வதைப் படித்தேன். எண்ணெய் விஷயம் எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அணில் குஞ்சுக்குப் பசும்பால் கொடுத்து வளர்த்தது உண்மை. அதில் என்ன தப்பு? மரம் வெட்டும்போது கூட்டோடு விழுந்த குஞ்சை வேறு என்ன செய்வது?

வேப்பமரத்தடி (பகல் 2:30)

அண்ணாச்சி, கேட்டது நல்லது. எனக்கு வரும் அழைப்புகளில் அணில் குஞ்சுதான் அதிகம்.

பசும்பாலில் பிழைத்தவை உண்டு. ஆனால் வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றிச் செத்தவைதான் நிறைய. ஒன்று பிழைத்தால் அதைப் பத்துப் பேரிடம் சொல்வோம், செத்ததைச் சொல்ல மாட்டோம், அதனால் இந்தப் பழக்கம் நிற்பதில்லை. அதைவிட முக்கியம், விழுந்த அணில் குஞ்சுக்கு முதல் தேவை பாலே இல்லை, சூடு. முடி முளைக்காத குஞ்சால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடம்பு சில்லிட்டிருக்கும்போது எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெதுவெதுப்பான தண்ணீரை பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி, பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வையுங்கள். மறு ஓரம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டுமானால் நகர்ந்துகொள்ளும்.

குஞ்சு சூடாகிவிட்டது, காயம் இல்லை என்றால் உடனே அம்மாவிடம் சேர்க்கப் பாருங்கள். பெட்டியை மூடாமல் அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு, தூரமாகப் போய் நின்று காகம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது நம் பேச்சுதான், அணில் அப்படிப் பார்ப்பதில்லை. வாயில் கவ்வி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு புதுக் கூட்டுக்குப் போகும். இருட்டும் வரை பொறுத்துப் பார்த்து, வரவில்லை என்றால்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

பறவைக் குஞ்சும் அப்படியே. ஏப்ரல், மே மாதங்களில் காக்கைக் குஞ்சும் குயில் குஞ்சும் தரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும். இறகு முளைத்து, கிளைக்குத் தாவத் தெரிந்த குஞ்சு அநாதை இல்லை. அம்மாவும் அப்பாவும் (குயில் குஞ்சு என்றால் அதை வளர்க்கும் காகம்) மேலே இருந்து ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். நாய் பூனை இருந்தால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். கோடையில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் "எடுத்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்" என்று சொல்வதோடு முடிந்துவிடும். கேட்பவர்களுக்கு அது கல்மனசுப் பேச்சாகத் தெரியும். ஒரு குஞ்சைத் தாயிடமிருந்து பிரித்து, நாள் முழுக்க மணிக்கொருமுறை ஊட்டி, அது மனிதனைக் கண்டால் பயப்படாமல் வளர்ந்து, வெளியே விட்டதும் பூனையிடம் தானே போய் நின்றதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பேச்சின் அர்த்தம் புரியும்.

மரம் வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். மழைக்கு முன்னால் கிளை கழிக்க வேண்டியது இருக்கத்தான் செய்கிறது. எங்கள் பக்கம் ஒரு குடியிருப்பில் சங்கத்தார் தூங்குமூஞ்சி மரத்தை ஒரே நாளில் மொட்டையடித்தார்கள். சாயங்காலம் இரண்டு சாக்குப்பையில் கூடும் குஞ்சுமாகக் கொண்டுவந்து கடை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மடையான், காகம், அணில் எல்லாம் கலந்து. அன்று ராத்திரி அழுகையை அடக்க முடியவில்லை. இப்போது அரிவாள் எடுப்பவர்களிடமே முன்னால் போய்ப் பேசுகிறேன்: மேலே ஏறியதும் முதலில் கூடு இருக்கிறதா பார், இருந்தால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டு, இரண்டு மாதம் கழித்து வந்து அதை எடு. அவர்கள் கேட்கிறார்கள். வெட்டச் சொல்பவர்களைவிட வெட்டுபவர்கள் சீக்கிரம் புரிந்துகொள்கிறார்கள்.

கூகை என்கிற ஆந்தை விஷயத்தில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. குழாய் போகும் சந்திலோ ஏ.சி. வைக்கும் திண்டிலோ குஞ்சு பொரித்துவிடும். ராத்திரி 'ஷ்ஷ்' என்று சீறும், பேய் என்று பயப்படுவார்கள், சாவு வரும் என்பார்கள். நான் போய்க் குஞ்சுகளைக் காட்டுவேன். முட்டையை இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு இடும் என்பதால் குஞ்சு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் படிக்கட்டு போல நிற்கும். கீழே கிடக்கும் எலி மண்டையோடுகளையும் காட்டுவேன். "உங்கள் கார் ஒயரைக் கடிக்கும் எலியைத் தின்றுகொண்டிருப்பது இதுதான், எட்டு ஒன்பது வாரம் பொறுத்தால் தானே பறந்துவிடும்" என்பேன். சிலர் பொறுப்பார்கள். அப்படிப் பொறுத்த ஒரு வீட்டில், இப்போது அந்தத் திண்டுக்கு நேரே விளக்கே போடுவதில்லை.

யாழ்மண் (மாலை 4:05)

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நாங்களும் ஆறுமணிக்குருவி என்றுதான் சொல்லுறது. ஒக்டோபர் கடைசியில் விடியப்புறமும் பின்னேரமும் வளவுக்குள்ள சத்தம் கேட்கும். போன வருசம் எங்கட வீட்டு யன்னலில் ஒன்று அடிபட்டு விழுந்தது, பெட்டிக்குள் வைத்தோம், அரை மணித்தியாலத்தில் எழும்பிப் பறந்திட்டுது. இங்கே என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குத்தான் அறிவிக்க வேணும்.

எனக்கு ஒரு கேள்வி அக்கா. பூனை பிடித்த பறவை என்றால் ஏன் முதலே கேட்டனீங்கள்? காயம் தெரியாவிட்டாலும் பிரச்சினையா?

வேப்பமரத்தடி (மாலை 4:40)

ஆமாம் தம்பி, காயம் தெரியாவிட்டாலும் பிரச்சினைதான். பூனையின் பல் ஊசி மாதிரி. குத்திய இடம் இறகுக்குள் மறைந்துவிடும், ரத்தம் கூட வராது. ஆனால் அதன் வாயில் இருக்கும் கிருமி பறவையின் ரத்தத்தில் கலந்து ஓரிரு நாளில் கொன்றுவிடும். அதனால் பூனை வாயிலிருந்து மீட்டது என்றால், நன்றாகத்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாட்டிக் போட வேண்டும்.

மாஞ்சா நூலில் சிக்கிய பருந்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இங்கே அடிக்கடி வரும். நூலை இழுக்காதீர்கள். சிறகுக்குள் போன நூல் சதையை ரம்பம் போல அறுத்துக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டி, நூலோடேயே கொண்டுபோங்கள். 2017-இலேயே பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது, ஆனாலும் மரத்தில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பருந்தைத் தூக்கும்போது தலையைத் துணியால் மூடி, முதலில் காலைப் பிடியுங்கள். அதற்கு ஆயுதம் அலகு இல்லை, நகம்.

அப்புறம், பறவையிடமிருந்து வெறிநோய் வராது. ஆனால் குரங்கு, கீரி, வௌவால் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மீட்கப் போகிறவர்கள் பலர் இதை அலட்சியம் செய்கிறார்கள், எனக்கு அது பெரிய கவலை.

மூன்றாம்மாடி (இரவு 8:10)

வேப்பேரிக்குப் போய் வந்துவிட்டோம். இடது கண்ணுக்குப் பின்னால் வீக்கம், எலும்பு முறிவு எதுவும் இல்லை என்றார்கள். ஊசி போட்டார்கள். அங்கிருந்து வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைத்தாயிற்று. தேறினால் கிண்டிக் காட்டுப் பக்கம் விடுவோம் என்றார்கள். நீங்கள் எழுதச் சொன்ன தாளைப் படித்துவிட்டு, "இதை எல்லோரும் செய்தால் நன்றாக இருக்கும்" என்றார் மருத்துவர்.

மகள் கேட்கிறாள்: நாளைக்கும் ஒன்று வந்து மோதினால் என்ன செய்வது? எனக்கும் அதே கேள்விதான். கண்ணாடியைக் கழற்ற முடியாது. உள்ளே திரை போட்டால் போதுமா?

கண்ணாடிவேலை (இரவு 8:45)

அலுமினியம், கண்ணாடி வேலைதான் என் தொழில், அதனால் சொல்கிறேன். உள்ளே திரை போட்டால் பலன் குறைவு. வெளியில் வெளிச்சம் அதிகமாக இருக்கும்போது கண்ணாடியின் வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், உள்ளே திரை இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர்கள் ஒரு கழுகு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறார்கள். நானும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்யுமா அக்கா?

வேப்பமரத்தடி (இரவு 9:20)

ஒரு கழுகுப் படம் போதாது. பறவை அதைக் கழுகு என்று நினைத்துப் பயப்படுவதில்லை. அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் காலியாகத் தெரியும் கண்ணாடிக்குள் நுழையப் பார்க்கும். கண்ணாடி முழுக்க, வெளிப்பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ இருந்தால்தான் "இதற்குள் நுழைய முடியாது" என்று திரும்பும். வினைல் ஷீட்டில் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி வெளியே ஒட்டிக் கொடுக்க உங்களால் முடியும் இல்லையா? நீங்கள் கதவு மாட்டும்போதே வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொன்னால், என்னை மாதிரி நூறு பேர் பெட்டியோடு ஓடுவதைவிட அதிகப் பறவை பிழைக்கும். உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம்மாடித் தம்பி, உங்கள் பால்கனிக் கண்ணாடியின் வெளிப்பக்கம் கைக்கு எட்டும்தானே. நாளைக்கே செய்யக்கூடியது: துணி துவைக்கும் சோப்புக் கட்டியை ஈரமாக்கி, மேலிருந்து கீழாக இரண்டு விரல் இடைவெளியில் கோடு கோடாக இழுத்துவிடுங்கள். பாப்பாவையே போடச் சொல்லலாம். மழையில் கரைந்தால் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக என்றால் வெளிப்பக்கம் இழுத்துக் கட்டிய கொசுவலை நல்லது. மோதினாலும் கண்ணாடி வரை போகாது. ஆனால் புறாவுக்காகக் கட்டும் பெரிய கண்ணி வலையைத் தொளதொளவென்று விடக் கூடாது. அதில் சிறகும் காலும் சிக்கி வெயிலில் தொங்கிச் செத்த பறவைகளை இறக்கி எடுத்திருக்கிறேன். வலை ஏற்கெனவே இருந்தால் காலையும் மாலையும் ஒரு பார்வை பாருங்கள், தளர்ந்த இடத்தை இறுக்குங்கள்.

நவம்பர் முடியும் வரை ராத்திரி பால்கனி விளக்கையும் மொட்டைமாடி விளக்கையும் அணைத்து வையுங்கள். படிக்கட்டு விளக்குக்கு உங்கள் சங்கத்தில் பேசிப் பாருங்கள். விடியற்காலை நாலரையிலிருந்து ஆறரை வரைதான் இவை இறங்கும் நேரம், அந்த இரண்டு மணி நேரம் மட்டுமாவது அணைத்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் வடக்கே திரும்பும்போது மறுபடி ஒரு சுற்று இருக்கிறது.

வேட்டித் துணியைத் துவைத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அந்தப் பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.